அரைத் துடிப்பு

வெள்ளவத்தையில் ஐந்து மாடிக்கு மேலே,
தண்ணீர்த் தாங்கிக்கும் கைபிடிச் சுவருக்கும் நடுவில்
பதினைந்து மீற்றர் செப்புக்கம்பி கட்டியிருக்கிறேன்.
மூன்றாம் மாடி ஃபரீனா
அதில் படுக்கைவிரிப்புக் காயப்போடுகிறாள்.
"கம்பி சும்மாதானே கிடக்குது."

சும்மாதான் கிடக்கிறது.
ஒரு சொல்லும் அனுப்புவதில்லை அது.
வடகிழக்கே, கடலுக்கு அப்பால் ஒரு நாடு
தன் நேரத்தை இரவும் பகலும் சொல்லிக்கொண்டிருக்கிறது:
டிக், டிக், டிக்.
நேரம் எனக்கு வேண்டாம்.
டிக்கைச் சுமந்து வருகிற குரல் வேண்டும்.
விநாடிக்கு ஒரு கோடித் துடிப்பு,
கூடாமல் குறையாமல் புறப்படுகிற குரல்.

வந்து சேரும்போது கொஞ்சம் கூடியிருக்கும்.
இல்லை, குறைந்திருக்கும்.
அரைத் துடிப்பு. சில நாள் அதிலும் பாதி.
பகலில் காப்புறுதிக் கம்பனியில்
காணாமற்போன சதங்களைத் தேடுகிறவள் நான்.
கோடியில் அரை என்றால்
எங்கள் மனேஜர் சிரித்துக்கொண்டே வெட்டிவிடுவார்.

ஆனால் அந்த அரைதான் வானம் அசைந்த அளவு.

இருநூற்றைம்பது கிலோமீற்றர் உயரத்தில்
வெயில் உடைத்துப்போட்ட காற்று
மின்னேறிக் கிடக்கிறது, ஓடு வேயாத கூரையாக.
அதில் பட்டுத்தான் குரல் எனக்குத் திரும்புகிறது.
கூரை இறங்கினால் குரல் கூராகும்.
ஏறினால் தொய்யும்.
எங்கோ ஓர் இடிமழையின் உதைப்பு
மேலே போகப் போக, காற்று மெலிய மெலியப் பெருத்து,
கூரையை நெளித்துக்கொண்டு நடந்து போகும்.

திரையில் அது ஒரு வெள்ளைக் கோடு.
கொழும்பு அதைப் பார்க்க விடுவதில்லை.
லிஃப்ட் ஏறினால் கோடு இல்லை.
கீழ்க்கடைக் குளிர்பெட்டி, மாடிப்படி பல்பு,
ஆரோ ஒருவரின் மலிவான சார்ஜர்,
எல்லாம் என் கம்பியில் எச்சில் துப்பும்.

பங்குனியில் ஒரு செவ்வாய், ஏழு இருபதுக்குக் கரண்ட் போனது.
காலி வீதி முழுக்க இருட்டு.
மடிக்கணினி மட்டும் தன் பற்றரியில் விழித்திருக்க,
இரைச்சல் வடிந்து, அடியிலிருந்து எழுந்தது கோடு.
பதினெட்டு நிமிடத்துக்கு ஒரு முகடு.
சோம்பேறித்தனமாக, பெரிதாக, வடிவாக.
எழும்பி நின்று பார்த்தேன், ஏனென்று தெரியாமல்.

நீர்கொழும்பில் அனற்றாவுக்கு முகடு ஏழு நாற்பத்தொன்று.
எனக்கு நாற்பத்துமூன்றாகப் பத்து விநாடி இருக்கையில்.
இரண்டு பேர் போதாது. இரண்டு பேருக்குத் திசை பிடிபடாது.
அவிசாவளையில் தவயோகனின் ஃபோன் கோபுரம் செத்துக் கிடந்தது.

நடுச்சாமத்தில் அவனுடைய பதிவு வந்தது,
நான்கு நிமிடம் பிந்திய கணினிக் கடிகாரத்தோடு.
பிழையான நேரத்தில் சரியான அலை.
எறிந்துவிடலாம் என்றாள் அனற்றா.
காதுக் கருவி மாட்டிக் கேட்டேன்.
இரைச்சலுக்குள்ளே டிக், டிக்.
எட்டு மணி அறிவிப்பைப் பிடித்து
அங்கிருந்து பின்னோக்கி விரல்விட்டு எண்ணினேன்.
வேண்டாம் என்ற நேரம்
வேண்டிய இடத்தில் இருந்தது.
ஏழு நாற்பத்தொன்று, ஐம்பத்தாறு விநாடி.

வடக்கிலிருந்து, சற்றே கிழக்குச் சாய்ந்து,
விநாடிக்கு நூற்றறுபது மீற்றர்.
நூறாம் இலக்க பஸ் எங்கள் சந்தையைக் கடக்கும் முன்
அது ஒரு மாகாணத்தைக் கடந்திருக்கும்.
ஆனால் எங்கள் தலைக்கு மேலே அல்ல.
குரல் பட்டுத் தெறிப்பது பாதி வழியில்.
எங்கள் மூன்று ஊர் முக்கோணம்
அங்கே பாதியாகச் சுருங்கி
வங்கக் கடலுக்கு மேலே தொங்குகிறது,
கீழே ஒரு வீடும் இல்லாமல்.

காலையில் விரிப்பு எடுக்க வந்த ஃபரீனா கேட்டாள்,
"என்னவாம் மேலே? மழை வருமா?"
இது வரப்போகிற மழை இல்லை,
எங்கோ பெய்து முடிந்த மழை என்றேன்.
கிளிப்பைக் கழற்றி வாயில் கவ்வியபடி
கொஞ்சம் யோசித்தாள்.
"அப்ப பழைய கணக்கு" என்றாள்.